‘ச்சீ’ இல்லீங்க... ச்சி கோங்!

ஒரு சின்ன டெஸ்ட் மக்களே. நேத்து நைட் எத்தனை மணி நேரம் தூங்கினீங்க? ‘மூணு மணி நேரம்தான், மீதி நேரம் சீரிஸ் பார்த்தேன்’னு சொல்றவங்க தாராளமா அடுத்த பக்கத்துக்குப் போகலாம். உங்க டயர்டுக்கு மருந்து தலையணை. ஆனா ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தும் பல் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள கை ஓய்ஞ்சு போகுதா? ஒரு நாள் கொஞ்சம் ஓடியாடிட்டா அடுத்த ரெண்டு நாள் பாயை விட்டு எழ முடியலையா? இந்தக் கூத்து ஆறு மாசத்துக்கு மேல நடக்குதா? அப்படின்னா இங்கேயே உட்காருங்க. நின்னுக்கிட்டுப் படிக்க வேண்டாம்.

நானும் உங்க கட்சிதான். ஊர் பாவூர்சத்திரம், மூணாவது வருஷம் ட்ரிபிள் இ. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வைரல் காய்ச்சல் வந்துச்சு. ஒரு வாரத்துல காய்ச்சல் கிளம்பிப் போயிடுச்சு. கூட வந்த அசதி மட்டும் ‘நான் இங்கேயே இருந்துக்கிறேன்’னு செட்டில் ஆயிடுச்சு. மூணாவது மாடி லேபுக்குப் படியேறினா, எக்ஸ்பெரிமென்ட் ஆரம்பிக்கும்போதே என் சார்ஜ் காலி. படிச்ச வரியையே நாலு தடவை படிப்பேன்.

இந்த மாதிரி ஆளுங்களுக்கு நம்ம ஊரு கொடுக்கிற பட்டங்கள் உங்களுக்குத் தெரியும். சோம்பேறி, நடிப்பு, மொபைல் பைத்தியம், ‘ஏதும் லவ் மேட்டரா?’. எங்க ஆச்சி மட்டும் கொஞ்சம் கருணையோட, கண்ணுபட்டிருக்குன்னு மிளகாய் சுத்திப் போட்டாங்க. மிளகா நெடி வரலை, அதனால திருஷ்டிதான்னு ரிசல்ட்டும் சொல்லிட்டாங்க. ஆச்சி லேப்ல ரிப்போர்ட் உடனே வந்துடும்!

ரிலே லேட்டா ட்ரிப் ஆகும்

இந்த நோய்க்கு நீளமான பேரு இருக்கு. 1955-ல லண்டன் ராயல் ஃப்ரீ ஹாஸ்பிடல்ல டாக்டர், நர்ஸ்னு கிட்டத்தட்ட 300 பேர் ஒரே சமயத்துல காரணம் புரியாம நோயில விழுந்தாங்க. அதையொட்டி ‘மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ்’னு ஒரு பேரு வந்துச்சு. 1988-ல அமெரிக்காவுல ‘க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம்’னு இன்னொண்ணு வெச்சாங்க. இப்ப ரெண்டையும் சேர்த்து எம்.இ/சி.எஃப்.எஸ்.னு எழுதறாங்க. நாம ‘நாள்பட்ட சோர்வு’ன்னே வெச்சுக்குவோம்.

அமெரிக்காவோட இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015-ல வெளியிட்ட அறிக்கைதான் இதுல முக்கியமானது. இது மனசுல கற்பனை பண்ணிக்கிற விஷயம் கிடையாது, உடம்பு முழுக்கப் பாதிக்கிற நிஜமான நோய்னு அது தெளிவா சொல்லுச்சு. ஆறு மாசத்துக்கு மேல ஆளை முடக்குற சோர்வு இருக்கணும். தூங்கி எழுந்தும் தெளிவில்லாம இருக்கணும். உழைச்சா பின்னாடி உடம்பு மோசமாகணும். இதோட மூளை மந்தமா இருக்கிறது, இல்லைன்னா நின்னா கிறுகிறுன்னு வர்றது, இதுல ஒண்ணாவது சேரணும்.

இதுல ‘உழைச்சா பின்னாடி மோசமாகும்’கிறதுதான் வில்லன். நம்ம பாஷையில சொன்னா, டைம் டிலே ரிலே. லோடு ஏறின உடனே ட்ரிப் ஆனா, ‘ஓகே, இதுதான் லிமிட்’னு புரிஞ்சுக்கலாம். இது பன்னிரண்டு மணி நேரமோ, ஒண்ணு ரெண்டு நாளோ கழிச்சு ட்ரிப் ஆகும். திங்கட்கிழமை சிம்போஸியத்துல சேர் தூக்கிப் போட்டதுக்கு புதன்கிழமை பில் வரும். அதனாலதான் சுத்தி இருக்கிறவங்களுக்கு நம்பிக்கை வர மாட்டேங்குது. ‘அன்னைக்கு நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டிருந்தா!’

ஒரு நிமிஷம். இதையெல்லாம் படிச்சுட்டு ‘ஐயோ எனக்கும் இதுதான்’னு நீங்களே முத்திரை குத்திக்காதீங்க. முதல்ல ரத்தம் கொடுங்க. ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், பி 12... இதுல ஏதாவது ஒண்ணு உதைச்சாலும் அசதி வரும், அதுக்கெல்லாம் நேரடியான மருந்து இருக்கு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை. கேர்ள்ஸ், காலை டிபனைக் கட் பண்ணிட்டு பஸ் ஏறுறவங்க, உங்களைத்தான் சொல்றேன். காசநோய், தூக்கத்துல மூச்சுத் திணறல், டிப்ரெஷன் எல்லாத்தையும் டாக்டர் பார்த்து, இல்லைன்னு ஒதுக்கின பிறகுதான் இந்தப் பேருக்கே வருவாங்க. இதைக் கண்டுபிடிக்க தனியா ஒரு ரத்தப் பரிசோதனை இன்னும் கிடையாது. முழுசா குணமாக்குற மருந்தும் கிடையாது. எனக்கு டாக்டர் இந்தப் பேரைச் சொன்னப்ப அழுகை வரும்னு நினைச்சேன். வரலை. பேருன்னு ஒண்ணு இருக்கே, அது போதும்னு இருந்துச்சு.

‘இதெல்லாம் ஏசியில இருக்கிற வெள்ளைக்காரங்க வியாதி’ன்னு ஒரு பேச்சு உண்டு. கோவாவுல விக்ரம் படேல் குழு சுமார் 2,500 பெண்கள்கிட்ட எடுத்த ஆய்வு, 2005-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. அதுல நூத்துக்குப் பன்னிரண்டு பேர் ஆறு மாசத்துக்கு மேலான சோர்வைச் சொல்லியிருந்தாங்க. அத்தனை பேருக்கும் எம்.இ/சி.எஃப்.எஸ்.னு அர்த்தமில்லை. ஆனா யாருக்கு அதிகமா இருந்துச்சு தெரியுமா? வசதி குறைஞ்சவங்களுக்கு, வீட்டுல பேச்சு எடுபடாத பெண்களுக்கு, மனசு பாரமா இருந்தவங்களுக்கு. ரத்தசோகையோட நேரடித் தொடர்பு கிடைக்கலைங்கிறதுதான் அதுல ஆச்சரியம். அதாவது அயர்ன் மாத்திரையை மட்டும் கையில கொடுத்து அனுப்புற கேஸ் இல்லை இது.

போதிதர்மர் மேட்டர்

சரி, சீனாவுக்கு வருவோம். படுத்தே கிடந்த நாட்கள்ல யூடியூப் தள்ளிக்கிட்டே போனப்ப ஒரு பார்க் வந்துச்சு. சீனாவுல எழுபது வயசுப் பாட்டிங்க வரிசையா நின்னு, தண்ணிக்குள்ள கை அசைக்கிற மாதிரி ஸ்லோ மோஷன்ல ஏதோ பண்ணிக்கிட்டிருந்தாங்க. ஜிம் வீடியோ பார்த்தாலே மூச்சு வாங்குற எனக்கு, ‘இந்த ஸ்பீடு நமக்கு ஒத்துவரும் போலயே’ன்னு தோணுச்சு.

அதுக்குப் பேரு ச்சி கோங். ‘ச்சீ’ன்னு திட்டறதா நினைக்காதீங்க. ‘ச்சி’ன்னா மூச்சு, உயிர்க்காத்து. நம்ம சித்தர் வழியில ‘வாசி’ன்னு சொல்றதுக்குப் பக்கத்து வீடு. ‘கோங்’னா விடாம பழகி வர்ற தேர்ச்சி. உள்ளே ‘ச்சி’ ஓடுதுன்னு அவங்க சொல்றதை எந்த மீட்டரும் இதுவரைக்கும் அளந்ததில்லை. ட்ரிபிள் இ படிக்கிற எனக்கு இது உறுத்தத்தான் செய்யுது. ஆனா மெதுவான அசைவு, நீளமான மூச்சு, கவனம் மூணையும் ஒண்ணா சேர்க்கிற பழக்கம்னு எடுத்துக்கிட்டா பிரச்னை இல்லை.

‘இதெல்லாம் நம்ம காஞ்சிபுரம் போதிதர்மர் கொண்டு போய்க் கொடுத்தது’ன்னு கிளம்பாதீங்க ப்ளீஸ். 2011-ல ‘7ஆம் அறிவு’ வந்ததுல இருந்து இதை ஹாஸ்டல்ல பேசாத ஆள் இல்லை. அவர் பேரைச் சொல்ற ‘யிஜின்ஜிங்’ங்கிற பயிற்சி நூல் 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல பிந்தி எழுதினது. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏத்துக்கறதில்லை. இன்னொரு பக்கம், சீனாவுல மவாங்துய்ங்கிற இடத்துல 1973-ல தோண்டின கல்லறையில ஒரு பட்டு ஓவியம் கிடைச்சுது. அந்தக் கல்லறை கி.மு. 168-ல மூடினது. ஓவியத்துல 44 பேர் கை நீட்டி, குனிஞ்சு, வளைஞ்சு உடற்பயிற்சி பண்றாங்க. போதிதர்மர் பிறக்கிறதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே அவங்க ஆரம்பிச்சாச்சு. எங்க பக்கத்துத் தோரணமலையில தேரையர் வைத்தியம் பார்த்தார், போகர் சீனாவுக்குப் போய் வந்தார்னு கதைகள் உண்டு. கேட்க எனக்கும் பிடிக்கும். கதையாவே பிடிக்கும்.

நிஜமான ட்விஸ்ட் இருக்கிறது 20-ம் நூற்றாண்டுல. ‘ச்சி கோங்’ங்கிற பேரை ஒரு மருத்துவ முறையோட பேரா நிலைநாட்டினவர் லியூ குய்ஜென். ஹெபெய் மாகாணத்துல கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர். 1940-கள்ல வயித்துப் புண் முத்தி, வேலை செய்ய முடியாம ஊருக்கு அனுப்பிட்டாங்க. ஊர்ல ஒரு பெரியவர்கிட்ட மூச்சுப் பயிற்சி கத்துக்கிட்டு 102 நாள் பண்ணி உடம்பு தேறி வந்தாருன்னு அவர் வரலாறு சொல்லுது. கட்சியே அவரை ஆராய்ச்சி பண்ணச் சொல்லுச்சு. 1950-கள்ல தாங்ஷான், பெய்தாய்ஹே நகரங்கள்ல இதுக்குன்னு சானடோரியம் திறந்தாங்க. அங்கே வந்தவங்கள்ல நிறைய பேருக்கு ‘நரம்புத் தளர்ச்சி’ன்னு எழுதியிருந்தாங்க. தூக்கமின்மை, மறதி, தீராத அசதி... கேட்ட மாதிரி இருக்குல்ல? அப்புறம் கலாசாரப் புரட்சி வந்து ‘மூடநம்பிக்கை’ன்னு இழுத்து மூடுச்சு. 80-கள்ல திரும்பி வந்து பைத்தியம் மாதிரி பரவுச்சு. ‘கையை நீட்டினா கேன்சர் போகும்’கிற ரேஞ்சுக்கு குருமார்கள் கிளம்பினாங்க. கடைசியில 2000-கள் தொடக்கத்துல சீன விளையாட்டுத் துறையே பழைய பயிற்சிகள்ல நாலை எடுத்து, மாயத்தைக் கழிச்சுட்டு, உடற்பயிற்சி மாதிரி ஒழுங்குபடுத்துச்சு. நான் பண்றது அதுல ஒண்ணு. பாதுவான்ஜின். தமிழ்ல ‘எட்டுத் துண்டுப் பட்டு’ன்னு சொல்லலாம்.

நாலாவது துண்டு

எட்டு அசைவு. ரெண்டு கையாலும் வானத்தைத் தாங்குறது முதல் அசைவு. வில்லை இழுத்துக் கழுகைக் குறிபார்க்கிறது ரெண்டாவது. குதிகாலைத் தூக்கி லேசா தரையில விடுறது கடைசி. எல்லாம் சேர்த்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும்.

எனக்குப் பிடிச்சது நாலாவது. நேரா நின்னு, தோளை இறக்கி, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பிக்கிட்டே கழுத்தை மட்டும் மெதுவா பின்னாடி திருப்பிப் பார்க்கணும். அவ்ளோதான். இந்த அசைவோட பேருலயே சோர்வு இருக்கு. ‘ஐந்து அயர்வு, ஏழு காயம்’ தீரத் திரும்பிப் பார்ப்பதுன்னு அர்த்தம் வரும். அந்த ஐந்து அயர்வுக்கு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின சீன மருத்துவ நூலான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ ஒரு விளக்கம் வெச்சிருக்கு. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருக்கிறது, படுத்தே இருக்கிறது, உட்கார்ந்தே இருக்கிறது, நின்னுக்கிட்டே இருக்கிறது, நடந்துக்கிட்டே இருக்கிறது. அஞ்சும் உடம்புல ஒவ்வொண்ணைத் தேய்க்குமாம். பார்த்துக்கிட்டே இருக்கிறதுல நம்ம மொபைல் அடங்கிடுச்சு. படுத்தே இருக்கிறதுல நான் அடங்கிட்டேன். உட்கார்ந்தே இருக்கிறதுல எங்க அம்மா.

அம்மா பீடி சுத்துறாங்க. எங்க பக்கத்துல இது வீட்டுக்கு வீடு உள்ள வேலை. மடியில சொளவு, அதுல இலையும் தூளும், குனிஞ்ச தலை நிமிராம மணிக்கணக்கா. கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் போச்சு. ஆனா அம்மா அசதின்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. சொன்னா கட்டு யார் முடிக்கிறது? நான் மொட்டை மாடியில கழுத்தைத் திருப்பிக்கிட்டு நின்ன முதல் நாள் ஆச்சிதான் பார்த்தாங்க.

“ஏட்டி, யாரைத் தேடுத? பின்னால ஒருத்தரும் இல்லயே!”

“இது பயிற்சி ஆச்சி. சீனாக்காரங்க பண்ணுவாங்க.”

“கழுத்தைத் திருப்பதுக்கு சீனாவுக்கா போவணும்? உங்கம்மைய ஒரு நாளு திருப்பச் சொல்லு பாப்போம்.”

அம்மா சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்ப ஒவ்வொரு கட்டு முடியும்போதும் ரெண்டு தடவை திரும்பிப் பார்க்கிறாங்க. சீனப் பேரெல்லாம் கிடையாது. அம்மா வெச்ச பேரு ‘பின்னால பாக்குறது’.

நான் எப்படிப் பண்றேன்னு சொல்லிடறேன். எட்டையும் பண்றதில்லை. ஸ்டூல்ல உட்கார்ந்து மூணு அசைவு. அஞ்சு நிமிஷம். ‘இன்னும் கொஞ்சம் பண்ணலாமே’ன்னு தோணும்போதே நிறுத்திடணும். இதுதான் கஷ்டம்! ஸ்கூல்ல இருந்தே ‘விடாதே, பல்லைக் கடிச்சுக்கோ’ன்னு கேட்டு வளர்ந்த நமக்கு, தெம்பு இருக்கும்போதே நிறுத்துறதுங்கிறது சிலபஸ்லயே இல்லை. மோசமான நாள்ல கையைக்கூடத் தூக்கறதில்லை. படுத்தபடி மூச்சை மட்டும் நீளமா விடுவேன். ஒரு நோட்டுல தினமும் ரெண்டு வரி. என்ன பண்ணேன், மறுநாள் எப்படி இருந்துச்சு. ஆரம்பிச்சப்ப மாசத்துக்கு நாலு தடவை ‘ட்ரிப்’ ஆச்சு. எட்டு மாசம் கழிச்சு இப்ப ஒண்ணு, சில மாசம் ரெண்டு. இதுல ச்சி கோங்கோட பங்கு எவ்ளோ, நோட்டோட பங்கு எவ்ளோ, சும்மா நாள் ஓடினதோட பங்கு எவ்ளோன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. மூணு வேரியபிளை ஒண்ணா மாத்தினா எந்த எக்ஸ்பெரிமென்ட்டும் அப்படித்தான்.

பிரிச்சுப் பார்க்க முயற்சி பண்ணவங்க இருக்காங்க. ஹாங்காங் பல்கலைக்கழகக் குழு 2012-ல வெளியிட்ட ஆய்வுல, நாள்பட்ட சோர்வு உள்ள 64 பேரை ரெண்டு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு அஞ்சு வாரம் ச்சி கோங் வகுப்பு, அப்புறம் பன்னிரண்டு வாரம் வீட்டுப் பயிற்சி. இன்னொரு குழு காத்திருக்கணும். நாலு மாசக் கடைசியில பயிற்சி எடுத்தவங்களுக்குச் சோர்வு குறைஞ்சிருந்துச்சு, மனநிலையும் தேறியிருந்துச்சு. நல்ல சேதிதான். ஆனா 64 பேர் ஒரு க்ளாஸ் ரூம் அளவு. தவிர, பயிற்சி எடுக்கிறவங்களுக்குத் தாங்க பயிற்சி எடுக்கறது தெரியும். சுகர் மாத்திரையைக் கொடுத்து ஏமாத்துற மாதிரி இதுல ஏமாத்த முடியாது. அதனால ‘உதவலாம்’ங்கிறதோட நிறுத்திக்கறேன்.

உஷார் பார்ட்டிகளுக்கு

‘அப்ப தினம் அஞ்சஞ்சு நிமிஷமா கூட்டிக்கிட்டே போனா சரியாயிடும்ல?’ ஆகாது. ‘உடற்பயிற்சியைப் படிப்படியா கூட்டு’ங்கிற சிகிச்சையைத்தான் ரொம்ப வருஷமா பல நாட்டுல கொடுத்தாங்க. மோசமாயிட்டோம்னு நோயாளிகள் கத்திக்கிட்டே இருந்தாங்க. 2021-ல பிரிட்டனோட ‘நைஸ்’ அமைப்பு, இந்த நோய்க்கு அந்த முறையைக் கொடுக்காதீங்கன்னு வழிகாட்டியையே மாத்துச்சு. கையில இருக்கிற தெம்புக்குள்ள செலவு பண்றதுதான் அவங்க இப்ப சொல்ற வழி. ச்சி கோங்கையும் ‘இன்னும்... இன்னும்’னு பண்ணா அதுவும் இந்தக் கணக்குலதான் சேரும்.

ஊசி? அக்குபங்சருக்கும் நமக்கும் ஒரு நல்ல கதை உண்டு. 1938-ல போர்ல அடிபட்டவங்களுக்கு உதவ இந்தியாவுல இருந்து 5 டாக்டர்கள் சீனாவுக்குப் போனாங்க. டாக்டர் கோட்னிஸ் 1942-ல அங்கேயே இறந்துட்டார். கூடப் போன பிஜய் குமார் பாசு, 50-கள் கடைசியில மறுபடி சீனா போய் அக்குபங்சர் கத்துக்கிட்டு வந்து கொல்கத்தாவுல ஆரம்பிச்சார். முதுகு வலி, தலைவலிக்குப் போய் நல்லாயிருக்குன்னு சொல்றவங்க உண்டு. ஆனா யாராவது ‘டெஸ்ட் வேண்டாம், தைராய்டு மாத்திரையை நிறுத்து’ன்னு சொன்னா, செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடுங்க.

மூலிகை மாத்திரை விஷயத்துல இன்னும் உஷார். 1990-கள் தொடக்கத்துல பெல்ஜியத்துல, எடை குறைக்கக் கொடுத்த சீன மூலிகை மாத்திரையால சுமார் நூறு பேருக்குச் சிறுநீரகம் கெட்டுச்சு. காரணம் அரிஸ்டோலோகியாங்கிற செடி இனம். அதோட சொந்தக்காரச் செடிதான் நம்ம ஆடுதீண்டாப்பாளை. ஆடே தீண்டாதுன்னு பேருலயே போர்டு மாட்டியிருக்கு பாருங்க! சீனாவோ சித்தாவோ, படிச்ச மருத்துவர் கையால வராத பொட்டலத்தை வாயில போடாதீங்க.

கடைசியா, வெளியில நல்லா தெரியுற உங்க ஃப்ரெண்டுக்கு இது இருந்தா என்ன பண்றதுன்னு கேட்பீங்க. போன சாரல் சீசன்ல எங்க க்ளாஸ் மொத்தமும் குற்றாலம் கிளம்புச்சு. ‘அருவியில நின்னா எல்லா அசதியும் போயிடும், வாடி!’ அருவி பிரச்னையே இல்லை. பேரருவியில க்யூவுல நிக்கிறதுதான் பிரச்னை. நின்னா எனக்குக் கிறுகிறுன்னு வரும். ஒரு தோழி மட்டும் வேற மாதிரி கேட்டா: “நீ எதுக்கு வர்றே? குளிக்கவா, எங்களோட இருக்கவா?” இருக்கத்தான்னேன். ஐந்தருவிக்கு வண்டியில போய் இறங்கி, கடை பெஞ்சுல உட்கார்ந்து, மூஞ்சியில சாரல் அடிக்க சூடா மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். ஈரத்தலையோட வந்தவங்க பஜ்ஜியைப் பிடுங்கிக்கிட்டுப் போனாங்க. மறுநாள் படுத்துட்டேன்தான். ஆனா ஒரு நாள் மட்டும். நோட்டுல எழுதியிருக்கேன்.

காலேஜ்ல 75 சதவீத அட்டெண்டன்ஸ் மேட்டர் இருக்கே, அதுக்கு ஒரு டிப்ஸ். நோய்க்குப் பேரு கிடைச்ச அன்னைக்கே டாக்டர் சர்டிஃபிகேட்டோட எச்.ஓ.டி.யைப் பாருங்க, செமஸ்டர் கடைசியில இல்லை. எனக்கு அடுத்த வாரம் மெஷின்ஸ் லேப் எக்ஸாம். அதே மூணாவது மாடி. முந்தின ரெண்டு நாளுக்கு என் ப்ளான்ல வேற எந்த வேலையும் போடலை. ரெக்கார்டைத் தூக்கிக்கிட்டு மேல வர்றது அந்தத் தோழி. பதிலுக்கு வைவாவுக்கு அவளைத் தயார் பண்றது நான், உட்கார்ந்தபடி.